மூணாம் நம்பர் தொட்டிக்குப் பன்னிரண்டு வோல்ட்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு சத்தமாகத்தான் வந்தது. டக் டக் டக் டக் டக். கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் என் சக எழுத்தாளர்கள் கண்ணை மூடி, மூச்சை உள்ளிழுத்து, "ஆழத்திலிருந்து" என்பார்கள். என்னுடையது பால்கனியிலிருந்து வந்தது. துணிக்கொடிக்குக் கீழே, தேய்ந்த துடைப்பத்துக்குப் பக்கத்தில்.

எழுத உட்கார்ந்ததும் முதல் வரி இப்படி விழுந்தது:

நீரின் ஞாபகத்தில் வேர்கள் விழித்திருக்கும் அந்திப்பொழுதில், மின்சாரத்தின் ஆதித் தனிமையை மனிதன்—

வேண்டாம். இந்த வரியை எழுதுகிற ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். மைக்கைப் பார்த்தாலே தொண்டையைக் கனைத்துக்கொள்பவர். அவரை இந்தக் கதைக்குள் விட்டால் கிளம்பவே மாட்டார்.

அடுத்தது: என் மனைவி ஊருக்குப் போகிறாள். நேர்மையான வாக்கியம்தான். ஆனால் இப்படித் தொடங்கும் கதைகளில் அடுத்த பக்கமே பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் குடியிருப்போர் சங்கத் தலைவர். அறுபத்தெட்டு வயது. அதுவும் வேண்டாம்.

மூன்றாவது: மனைவி இல்லாத பன்னிரண்டு நாளும் நான் வீட்டில்தான் இருப்பேன், பிரச்சினையே அதுதான்.

இது இருக்கட்டும்.

2

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டிலும் எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டுவாள். உப்பு, சர்க்கரை, என் மாத்திரை எல்லாவற்றின் மேலும் அவளுடைய குண்டு எழுத்து இருக்கும். பால்கனியில் ஒரு தொட்டியின் மேல் '3' என்று ஒட்டியிருக்கிறாள். வீட்டில் அதற்குப் பெயர் மூணாம் நம்பர்.

அது ஒரு செம்பருத்திச் செடி. மஞ்சள் செம்பருத்தியில் வெள்ளைச் செம்பருத்தியின் மகரந்தத்தைப் பஞ்சுக்குச்சியால் அவளே தடவி, காம்பில் நூல் கட்டி, காய் முற்றும்வரை காத்திருந்து எடுத்த விதைகள் எட்டு. முளைத்தவை மூன்று. முதல் நம்பரைப் பூச்சி தின்றது. இரண்டாம் நம்பரை நான் கொன்றேன்.*

(* அவள் நான்கு நாள் வெளியூர் போயிருந்தாள். நான் 'பொறுப்புணர்வு' என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல கட்டுரை. பாராட்டிக் கடிதம்கூட வந்தது. தொட்டியில் மண் ஓடுபோல வெடித்துக் கிடந்தது.)

ஒன்றரை வருடம் கழித்து மூணாம் நம்பரில் முதல் மொட்டு வந்திருக்கிறது. பட்டாணி அளவு. என்ன நிறத்தில் பூக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தச் செடி இதற்குமுன் எங்கேயும் பூத்ததில்லை. ஒரு நாள் காய்ந்தால் மொட்டு உதிர்ந்துவிடும். அளவுக்கு மீறி நனைந்தாலும் உதிர்ந்துவிடும். தப்பித்துப் பூத்தாலும் ஒரே பகல்தான்: காலையில் விரியும், சாயங்காலம் சுருண்டுவிடும். இந்த நேரம் பார்த்து அவளுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி வந்தது. கூடத்துக்கு வரப்போகும் புது மெஷினைப் பழகிக்கொள்ள. போவதற்கு ஆறு நாள் இருந்தது. திரும்பி வந்த இரண்டாம் நாள் மொட்டு விரியும் என்று நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தாள்.

"தண்ணி நான் ஊத்தறேன்" என்றேன்.

"ரெண்டாம் நம்பருக்கும் இதைத்தான் சொன்னீங்க."

"அப்ப கட்டுரை எழுதிட்டிருந்தேன்."

"இப்ப?"

"இப்ப... கதை."

அவள் மொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நான் வரலைன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன். கணக்குப் போட்டுப் பார்த்து, வேறு வழியில்லை என்று தெரிந்து, சாதாரணமாகச் சொன்னாள். அது தைத்தது. அந்த நிமிடமே நான் பிரகடனம் செய்தேன்: "தானா தண்ணி ஊத்தற மெஷின் ஒண்ணு செய்யறேன். என்னை நம்ப வேண்டாம். அறிவியலை நம்பு."

3

மெஷின் எளிமையானது. தொட்டி மண்ணில் இரண்டு ஆணி. மண் ஈரமாக இருந்தால் அவற்றுக்கு நடுவில் துளி கரண்ட் ஓடும், காய்ந்தால் ஓடாது. ஓடாதபோது ரிலே என்கிற குட்டி ஸ்விட்ச் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். பக்கெட்டுக்குள் முக்கியிருக்கும் கட்டைவிரல் பருமன் பம்ப் ஓடும். மண் நனைந்ததும் நின்றுவிடும். இது எல்லாம் ஓடப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும். வாங்கினால் என்ன பெருமை? என் மனைவியின் அண்ணன், என் மச்சான், உதவிக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, கரண்ட்டுங்கறது ஒரு மனநிலை" என்றார் மச்சான். "எனக்கு அது கட்டுப்படும்."

பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கினோம். சுவரிலிருந்து வரும் கரண்ட்டை அது அடக்கிக் கொடுக்கும். அடங்கி வந்ததை நாலு டயோடுகள் ஒரே திசையில் ஓட்டும். கெபாசிட்டர் தொட்டிபோலத் தேக்கி வைக்கும். ரெகுலேட்டர் சரியாகப் பன்னிரண்டை அளந்து விடும். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடைத்தோம். டப்பாவிலிருந்து பால்கனிச் சர்க்யூட்டுக்குப் போக ஒரு பழைய ஃபேன் மோட்டாரிலிருந்து உரித்த செம்புக் கம்பி, இரண்டு இழை. அது இருந்ததே! செந்தங்க நிறம். வெயில் பட்டால் கண் கூசும். நாலு முனையையும் குட்டி வளையமாக வளைத்து, ஈயத்தை உருக்கி சால்டர் வைத்தோம். மல்டிமீட்டரில் அளந்தால் பன்னிரண்டு. புள்ளிக்கு அப்புறமும் பூஜ்யம்.

"நான் அளந்து பன்னிரண்டுன்னா அது பன்னிரண்டுதான், மாப்பிள்ளை. உலகமே வேற நம்பர் சொன்னாலும் நான் மாத்திக்க மாட்டேன்" என்றார் மச்சான்.

தொடக்க விழா வைத்தோம். சங்கத் தலைவர் ரிப்பன் வெட்ட வந்தார். ரிப்பன் இல்லாததால் துணிக்கொடியில் ஒரு நூலைக் கட்டினோம். "இன்று இந்தக் கட்டிடத்தின் வரலாற்றில்" என்று தொடங்கி, லிஃப்ட் பழுதானதிலிருந்து மனிதகுலம் நிலவுக்குப் போனதுவரை வந்து, ஸ்விட்சை அழுத்தினார்.

டக்.

பம்ப் ஒரு சொட்டுத் தண்ணீர் துப்பியது. நின்றது.

டக் டக் டக் டக் டக் டக்.

ரிலே ஒட்டுகிறது, விடுகிறது, ஒட்டுகிறது, விடுகிறது. மூணாம் நம்பருக்கு ஒரு சொட்டும் கூடுதலாகப் போகவில்லை. தலைவர் அதைக் கைதட்டல் என்று நினைத்துக்கொண்டார். கையை உயர்த்தி, "நன்றி, நன்றி, உட்காருங்கள்" என்றார். உட்காரப் பால்கனியில் நாற்காலி கிடையாது.

என் மனைவி மட்டும் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

4

[மேலே உள்ள மூன்று பகுதிகளையும், பழுதைப் பார்க்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். சமையலறை மேஜையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்வந்தேன். திரும்பி வந்தால் ஓரத்தில் பென்சிலில் குண்டு எழுத்து.]

எங்க அண்ணன் இப்படிப் பேசவே இல்லை. "கரண்ட் ஒரு மனநிலை"ன்னு சொன்னது நீங்க. "எனக்குக் கட்டுப்படும்"னதும் நீங்க. அவர் டார்ச் பிடிச்சுட்டு நின்னார். வாயே திறக்கலை. ஊர்ல நாலு பேர் படிக்கறதுக்கு முன்னாடி மாத்துங்க.

நான் வாதாடிப் பார்த்தேன். "கதைக்கு ஒரு அலட்டல் பேர்வழி வேணும்மா."

"இருக்காரே."

"யாரு?"

"முகம் பாக்கற கண்ணாடி வாங்கித் தரவா?"

ஆகவே, வாசகரே, ஒரு சின்ன உதவி. மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் 'என்றார் மச்சான்' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'என்றேன்' என்றும், 'மாப்பிள்ளை'யை 'மச்சான்' என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். நானே அடித்துத் திருத்தியிருக்கலாம். ஆனால் நான் எவ்வளவு சுலபமாக அடுத்தவர் தலையில் கட்டுகிறேன் என்பதும் தெரியட்டுமே. உண்மையான மச்சான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் பேசுவார், அதில் மூன்று "சரி".

5

அவள் கிளம்ப இன்னும் மூன்று நாள்.

எழுத்தாளன் பழுது பார்த்தால் எப்படியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெபாசிட்டர் போதவில்லை என்று முடிவுகட்டி அதைவிடப் பெரியதாகப் போட்டேன். டக் டக் டக். பிறகு மாத்திரை டப்பா அளவில் ஒன்று. டக் டக் டக். நாலு டயோடையும் மாற்றினேன். ரெகுலேட்டரை மாற்றினேன். டிரான்ஸ்ஃபார்மரையே மாற்றினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு மல்டிமீட்டரை வைத்தால் அதே பன்னிரண்டு, அதே பூஜ்யம், அதே மிடுக்கு. ஐந்தாம் திருத்தத்தில் டப்பாவுக்குள் பழைய உறுப்பு ஒன்றுகூட இல்லை, ஒன்றைத் தவிர. என் செந்தங்கக் கம்பியை நான் தொடவில்லை. அது அவ்வளவு அழகு.

(புத்தகம் எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி தெரியும். கதை நகரவில்லை என்று கதாநாயகனை மாற்றுவோம், ஊரை மாற்றுவோம், ஒரு கொலையைக்கூடச் சேர்ப்போம். நமக்கு ரொம்பப் பிடித்த அந்த ஒரு வரியில் மட்டும் கை வைக்க மாட்டோம். அடடா, இங்கே ஒரு தத்துவம் எட்டிப் பார்க்கிறது. கதவைச் சாத்துங்கள்.)

மச்சான் தன் அன்றைய நாலாவது வாக்கியத்தைச் செலவு செய்தார்: "காயில் அக்காகிட்ட காட்டலாம்."

காயில் அக்கா, டிப்போவுக்கு எதிரே மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். அறை முழுக்க வயிறு திறந்த மோட்டார்கள். அவர் மடியிலும் ஒன்று, குழந்தை மாதிரி மல்லாந்து கிடந்தது. நான் டப்பாவையும் கம்பியையும் சர்க்யூட்டையும் நீட்டி, மின்னோட்டத்தின் இயல்பு குறித்துச் சுமார் ஏழு நிமிடம் விளக்கினேன். அவர் கைவேலையை நிறுத்தவில்லை.

"பம்பை மாட்டிட்டு அளந்தீங்களா, சார்?"

"இல்லை. மாட்டினா டக் டக்னு காது வலிக்குது. பம்பைக் கழட்டிட்டுத்தான் அளந்தேன். துல்லியமா பன்னிரண்டு."

"அப்ப, ஓடாதப்ப நல்லா இருக்கு. அதானே சொல்றீங்க?"

"ஆமா."

"வீட்ல சும்மா படுத்திருக்கும்போது எங்க வீட்டுக்காரர்கூட பயில்வான்தான், சார்."

மச்சான் சிரித்துவிட்டார். அவர் பல்லை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அக்கா ஒரு பம்பை மாட்டி, வாளித் தண்ணீரில் முக்கி, சர்க்யூட் பக்கத்தில் மீட்டரை வைத்தார். ரிலே ஒட்டிய அந்தக் கணத்தில் என் கர்வமிக்க பன்னிரண்டு, ஐந்துக்கு இறங்கி, மறுபடி பன்னிரண்டுக்குத் தாவி, மறுபடி ஐந்துக்கு விழுந்தது. பம்ப் இழுக்கிறது, வோல்ட் சரிகிறது, ரிலே விடுகிறது. விட்டதும் வோல்ட் எழுகிறது, ரிலே ஒட்டுகிறது. அதுதான் டக் டக். டப்பாவின் வாயில், கம்பி தொடங்கும் இடத்தில் வைத்தால் மட்டும் மீட்டர் பன்னிரண்டைவிட்டு அசையவில்லை. அதாவது இடையில் கம்பிதான் குற்றவாளி.

அவர் என் செந்தங்கக் கம்பியைத் தூக்கிப் பார்த்தார்.

"இதைச் சுரண்டினீங்களா?"

"எதுக்குக்கா சுரண்டணும்? பளபளன்னு செம்பு தெரியுதே!"

"பளபளன்னு தெரியறதே வார்னிஷ்தான், சார். மோட்டார் கம்பிக்கு மேல பூசி வெச்சிருப்பாங்க, கரண்ட் போகாம இருக்க. நீங்க அது மேலயே சால்டர் வெச்சிருக்கீங்க. எங்கயோ ஊசிமுனை அளவு தொட்டுக்கிட்டிருக்கு. மீட்டருக்கு அது போதும். பம்புக்குப் போதுமா?"

பிளேடை எடுத்தார். நாலு முனையையும் சரக் சரக்கென்று சுரண்டினார். மங்கலான, இளஞ்சிவப்பான, அழகே இல்லாத செம்பு வெளியே வந்தது. சால்டர் வைத்தார். மூன்று நிமிடம். பம்ப் கடையின் குறுக்கே தண்ணீரைப் பீச்சியடித்து, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை நனைத்தது. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு முழங்காலையும் கலந்தாலோசிக்காமல், குதித்தேன்.

6

அவள் போய்விட்டாள். பஸ் படியில் நின்றுகொண்டு, "இந்த மெஷினை நம்பறேன். உங்களை இல்லை. தொடாதீங்க" என்றாள். திருமணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் பெற்ற ஆகச் சிறந்த நற்சான்றிதழ்.

இங்கே கதையில் ஒரு சிக்கல். மெஷின் ஓடுகிறது. ஓடும் மெஷினை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தாளன் என்ன செய்வது? பகுதி ஆறில் ஒரு புயலைக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். கரண்ட் கட்? ஆணியைக் கொத்தும் காகம்? மூன்றையும் எழுதிக் கிழித்தேன். நடந்தது இவ்வளவுதான்: காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, டக் என்று ஒரே ஒரு டக், பிறகு பம்பின் முனகல், பிறகு அமைதி.

அது சரியாக ஊற்றுகிறதா என்று பார்க்க நான் தினமும் மூன்று மணி நேரம் பால்கனியில் உட்கார்ந்தேன். கையால் ஊற்றியிருந்தால் மூன்று நிமிடம். இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள் போலிருக்கிறது.

சாயங்காலம் ஃபோன் வரும்.

"என்ன சைஸ்?"

"கொண்டைக்கடலை."

மறுநாள்: "என்ன சைஸ்?"

"பேரீச்சம்பழம்."

"உவமை வேணாம். ஸ்கேல் வெச்சு சொல்லுங்க."

ஸ்கேல் வைத்தேன். இருபத்தொன்பது மில்லிமீட்டர். முப்பத்திநாலு. நாற்பத்தாறு. பத்தாம் நாள் ஐம்பத்தெட்டு. என் எழுத்து வாழ்க்கையில் ஒரு வாசகி என் வாக்கியங்களுக்காக இப்படிக் காத்திருந்ததில்லை. அவற்றில் எண்ணைத் தவிர ஒன்றும் இருந்ததுமில்லை.

7

இன்று பதினோராம் நாள். இந்தப் பகுதியை மூணாம் நம்பர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு வந்து பார்த்தால் மொட்டின் நுனி அவிழ்ந்திருந்தது. மூன்று நாள் முன்னதாக! ஒழுங்காகத் தண்ணீர் குடித்த செடிக்கு நாட்காட்டி வட்டமெல்லாம் தெரியாதே. அவளுக்கு ஃபோன் செய்தேன்.

"விரியுது."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம்.

"கேக்குதா? விரியுதும்மா. இப்பவே. நிறம் வந்து—"

"சொல்லாதீங்க!" அவள் கத்தியதில் ஃபோன் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "வாயைத் திறக்காதீங்க. போட்டோ அனுப்பாதீங்க. எழுதவும் செய்யாதீங்க, உங்களைத் தெரியும். நான் என் கண்ணால பாக்கணும்."

"நாளைக்குத்தானே வர்றே? சாயங்காலத்துக்குள்ள சுருண்டுடுமே."

"ஏழு மணிக்கு ஒரு பஸ். மத்தியானம் இன்னொரு பஸ் மாறணும். அஞ்சு மணிக்கு வந்துடுவேன்."

"இன்னிக்கு நிறைவு விழா இல்லையா? சான்றிதழ் தருவாங்கன்னியே. மேடை, குரூப் போட்டோ..."

"மெஷின் பழகியாச்சு. பேப்பரைத் தபால்ல அனுப்பட்டும். நீங்க பூவைப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

பாத்துக்குங்க! மெஷினை இல்லை, என்னைச் சொன்னாள். உங்களுக்கு இது சாதாரண வாக்கியமாகத் தெரியலாம். நான் அதை மூன்று முறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து பால்கனியிலிருந்து சங்கத் தலைவர் எட்டிப் பார்த்து, திறப்பு விழாவா என்று கேட்டார். இல்லை என்றேன். உரை தயாராகத்தான் இருக்கிறது என்றார்.

ஒன்பது மணிக்குப் பூ முழுதாக விரிந்துவிட்டது. என் உள்ளங்கையைவிடப் பெரியது. நிறம்—

நிறம்—

முடியாது. முப்பது வருடமாக யாரும் கேட்காததையெல்லாம் எழுதித் தள்ளியவன் நான். இன்று எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது, எழுதக் கூடாது என்று உத்தரவு. தாய் மஞ்சள், தகப்பன் வெள்ளை. உங்களால் முடிந்தால் கலந்து பார்த்துக்கொள்ளுங்கள். தப்பாகத்தான் வரும். எனக்கும் தப்பாகத்தான் வந்திருந்தது.

முடிவுக்கு மூன்று வரைவு வைத்திருக்கிறேன்.

(அ) பஸ் நேரத்துக்கு வருகிறது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவருகிறாள். பூ நிமிர்ந்து நிற்கிறது. அவள் முகத்தில் ஒரு— இங்கே அந்த மைக் ஆசாமி கனைக்கிறார். நிறுத்திவிட்டேன்.

(ஆ) பஸ் தாமதம். இதழ்கள் சுருண்டுவிட்டன. அவள் அதை விரலால் பிரித்துப் பார்க்கிறாள். இதை எழுத எனக்குத் தெம்பு இல்லை. நீங்கள் தைரியசாலி என்றால் எழுதிக்கொள்ளுங்கள், எனக்குக் காட்டாதீர்கள்.

(இ) அவள் வந்து பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்கிறாள். வாழ்க்கை பெரும்பாலும் இந்த வரைவைத்தான் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் நீங்கள் இந்தப் பூவைப் பார்க்கவில்லை.

மணி நாலு பத்து. மச்சான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். சற்றுமுன் ஃபோன் செய்து தன் இன்றைய முதல் வாக்கியத்தைச் சொன்னார்: "பஸ் பாலத்துகிட்ட நிக்குதாம்." நெரிசலா, பழுதா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

மேற்கு வெயில் இப்போது பால்கனிக்குள் நேராக இறங்குகிறது. ஓரத்து இதழ் ஒன்று லேசாக மடங்குவதுபோல இருக்கிறது. இல்லை, காற்று. இல்லை, மடங்குகிறது. இதுவரை இடது கையால் குடை பிடித்து நிழல் கொடுத்துக்கொண்டு, வலது கையால் எழுதிவந்தேன். காற்று குடையைப் பிடுங்குகிறது. இந்தக் குடைக்கு இரண்டு கையும் வேண்டும்.

பேனாவைக் கீழே வைக்கிறேன்.